நடிகை, நர்த்தகி, இளவரசி: கம்போடியாவின் புப்பா தேவி

(நம் சங்கத்தின் மூத்தோர் மன்ற மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒருவர், ஆளுக்கொரு திரைக்கலைஞரைப் பற்றிப் பேசுவது என்று நம் மன்றத்தில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டியம் தெரிந்த நடிகைகள் என்ற தலைப்பில் பத்மினி, வைஜயந்திமாலா, குமாரி கமலா மூவரையும் மற்றவர்கள் முதல் நாளே பெயர் கொடுத்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பென்ஷன் நாளில் பதினோரு மணிக்கு மேல் வங்கிக்கு வந்து டோக்கன் கேட்டவர் நிலைமை எனக்கு. ஆகவே கொஞ்சம் தூரமாகப் போய்விட்டேன். இன்றைக்கு நான் பேசப்போவது கம்போடியா நாட்டின் நொரோடோம் புப்பா தேவி அம்மையாரைப் பற்றி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். நாட்டிய இலக்கணம் எனக்குத் தெரியாது. வரவு எது, பற்று எது, யார் பெயரில் எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியும். இந்த அம்மையாரின் வாழ்க்கையையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். கெமர் மொழியில் புப்பா என்றால் பூ. நம்முடைய புஷ்பம்தான், பாலி மொழி வழியாகப் போய் அங்கே புப்பா ஆகியிருக்கிறது. புப்பா தேவி என்றால் புஷ்பா தேவி. நம் காலனியிலேயே அந்தப் பெயரில் இருவர் இருக்கிறார்கள். அந்நியர் என்று நினைக்க வேண்டாம்.

1943 ஜனவரி 8ஆம் தேதி புனோம் பென் நகரில் பிறந்தார். அப்பா நொரோடோம் சிஹானுக். நம் வயதுக்காரர்கள் இந்தப் பெயரைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 1941இல், 18 வயதில், பிரெஞ்சுக்காரர்கள் அவரை அரியணையில் உட்கார வைத்தார்கள். 1953இல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. 1955இல் முடியைத் துறந்து, தன் அப்பாவை அரசராக்கிவிட்டு, தான் அரசியலில் இறங்கினார். புப்பா தேவியின் அம்மா அரண்மனை நாட்டியக் குழுவைச் சேர்ந்தவர். ஆகவே அப்பா வழியில் அரச குலம், அம்மா வழியில் நாட்டியம்.

ஆனால் அவரை உருவாக்கியவர் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பாட்டி. சிஹானுக்கின் தாயார் கொசமாக் மகாராணி. இந்தப் பாட்டியைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னால்தான் பேத்தியைப் பற்றிப் புரியும்.

கம்போடிய அரண்மனை நாட்டியம் பழைய மரபு. இராமாயணத்தை அவர்கள் ரியாம்கேர் என்கிறார்கள். அதை இரவு முழுக்க ஆடுவது வழக்கம், நம் ஊர்த் தெருக்கூத்து மாதிரி. பெண் வேடம், ஆண் வேடம், அரக்கர் வேடம், குரங்கு வேடம் என்று நான்கு வகை. ஒரு குழந்தை எந்த வகைக்குப் பொருத்தம் என்று உடல்வாகைப் பார்த்துச் சின்ன வயதிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பிறகு ஆயுள் முழுக்க அந்த வகைதான். ஆண் வேடத்தையும் பெண்களே ஆடுவார்கள். கொசமாக் மகாராணி இதில் துணிந்து சில மாற்றங்கள் செய்தார். இரவு முழுக்க ஆடும் கதைகளை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினார். குரங்கு வேடத்துக்கு ஆண்பிள்ளைகளைச் சேர்த்தார். மூன்றாவதாக, அங்கோர் வாட் கோவில் சுவர்களில் இருக்கும் அப்சரஸ் சிற்பங்களைப் பார்த்து, அந்தக் கிரீடம், அந்த நகை, அந்த நிற்கும் ஒயில் எல்லாவற்றையும் வைத்து ஒரு புது நடனத்தை அமைத்தார். அதற்குப் பெயர் அப்சரா நடனம். நடுவில் வெள்ளை உடையில் ஒரு அப்சரஸ், சுற்றிலும் தோழிகள்.

சுற்றுலா போகிறவர்கள் அதை ஆயிரம் வருஷத்து நடனம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதன் வயது நம்மில் பலருடைய வயதுதான். அந்த வெள்ளை அப்சரஸாக மகாராணி நிறுத்தியது தன் பேத்தியை.

செல்லப் பேத்தி என்பதற்காகக் கிடைத்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நடனப் பயிற்சியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை வலித்தது. விரல்களைப் பின்பக்கமாக மணிக்கட்டை நோக்கி வளைத்து வளைத்துப் பழக்குவார்கள். முழங்கையையும் அப்படியே. கால் கட்டைவிரல் எந்நேரமும் மேல்நோக்கி இருக்க வேண்டும். கதையெல்லாம் பிறகு. முதலில் அடிப்படை அசைவுகளின் வரிசை ஒன்று உண்டு. தினமும் காலையில் அதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஆடியாக வேண்டும், வருஷக்கணக்காக. கையின் முத்திரைகளை ஒரு செடியின் வாழ்க்கையாக விளக்குவார்கள்: துளிர், இலை, பூ, காய். உடையை உடம்போடு சேர்த்து ஊசியால் தைத்துவிடுவார்கள். ஆடி முடித்துத் தையலைப் பிரித்தால்தான் கழற்ற முடியும்.

அங்கேயும் குருவணக்கம் உண்டு. குரு என்ற சொல்லை க்ரு என்கிறார்கள். அந்தச் சடங்குக்கு உரிய கிழமை வியாழன். நம் வீடுகளில் குரு வாரம் என்று சொல்கிறோமே, அதே வியாழக்கிழமை.

18 வயதில் புப்பா தேவி அரண்மனைக் குழுவின் முதன்மை நர்த்தகி ஆனார். வெளிநாட்டுத் தலைவர் யார் வந்தாலும் மாலையில் நடனம் என்பது நிகழ்ச்சி நிரலில் எழுதாமலே இருக்கும். 1966இல் பிரான்ஸ் அதிபர் தெ கால் வந்தார், 1967இல் ஜாக்குலின் கென்னடி வந்தார். இந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய ராணுவம் கிடையாது, பணம் கிடையாது. அக்கம்பக்கத்தில் வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு பழைய நாகரிகம் உண்டு என்று உலகத்துக்குக் காட்ட அவர்களிடம் இருந்தது அங்கோர் வாட்டும் இந்த நடனமும்தான்.

இனி சினிமாவுக்கு வருகிறேன்.

1959இல் 'பிளாக் ஆர்ஃபியஸ்' படத்துக்காகக் கான் விழாவில் உயரிய பரிசு வாங்கிய பிரெஞ்சு இயக்குநர் மார்செல் காமு, பின்னர் கம்போடியாவுக்கு வந்து ஒரு படம் எடுத்தார். 'சொர்க்கப் பறவை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர், 1962இல் வந்தது. அதில் புப்பா தேவி அப்சரா நடனம் ஆடினார். அந்த நடனம் வெளிநாட்டுத் திரையரங்குகளுக்குப் போனது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கே சினிமா ஆசை வந்துவிட்டது. நாட்டின் தலைவராக இருந்துகொண்டே சிஹானுக் கதை எழுதி, இயக்கி, இசையும் அமைத்து 1966இல் எடுத்த முதல் முழுநீளப் படத்தின் பெயர் 'அப்சரா'. கதாநாயகி சொந்த மகள். கதை ரொம்ப எளிமை. ஒரு வயதான தளபதி, அரண்மனைக் குழுவின் இளம் நர்த்தகியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார். அவளோ ஒரு இளம் விமானப்படை அதிகாரியை விரும்புகிறாள். மீதியை நம் ஊர்ப் பழைய படங்கள் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், தளபதியாக நடித்த நியெக் தியூலாங் நிஜத்திலேயே தளபதி, அமைச்சராகவும் இருந்தவர். படத்தில் வரும் ஹெலிகாப்டர் நிஜமான ராணுவ ஹெலிகாப்டர். விமானப்படை தயாரிப்பாளர் கையில் இருந்தால் வாடகை எதற்கு?

நாட்டில் இத்தனை பிரச்சினை இருக்கும்போது தலைவர் சினிமா எடுக்கிறாரே என்று அப்போதே விமரிசனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. கிராமங்களில் விவசாயிகள் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்தப் படத்துக்கு இன்று ஒரு மதிப்பு இருக்கிறது. 1960 முதல் 1975 வரை கம்போடியாவில் சுமார் 400 படங்கள் எடுத்தார்கள் என்கிறார்கள். அவற்றில் இன்று கிடைப்பவை சில டஜன். மற்றவற்றில் பெரும்பகுதி பிரிண்ட் கூட இல்லாமல் போய்விட்டது. நடிகர் நடிகைகளிலும் பெரும்பாலோர் இல்லாமல் போனார்கள். அது எப்படி என்று சொல்கிறேன்.

1970 மார்ச்சில் சிஹானுக் வெளிநாட்டில் இருந்தபோது லோன் நோல் என்ற ராணுவத் தளபதியின் தரப்பு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. உள்நாட்டுப் போர் மூண்டது. புப்பா தேவியும் பின்னர் நாட்டை விட்டுப் போய் பிரான்சில் வாழ்ந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை புனோம் பென்னைப் பிடித்தது. தலைவர் போல் பாட். சில நாட்களுக்குள் தலைநகரில் ஒருவர் விடாமல் கிராமங்களுக்கு விரட்டினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வைத்தார்கள். அதே ஏப்ரலில்தான் கொசமாக் மகாராணி பீகிங்கில் காலமானார்.

வங்கிக்காரன் என்பதால் ஒரு செய்தி என் மனதில் தைத்துவிட்டது. கெமர் ரூஜ் பணத்தையே ஒழித்தார்கள். நோட்டு, காசு எதுவும் செல்லாது. தலைநகரில் இருந்த தேசிய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தெருவில் நோட்டுகள் குப்பையாகப் பறந்தனவாம்.

படித்தவர்கள், ஆசிரியர்கள், டாக்டர்கள், கலைஞர்கள் எல்லோரும் எதிரிகள். அரண்மனை நர்த்தகி என்று தெரிந்தால் அதோடு சரி. 1979 ஜனவரி வரை, நான்கு வருஷத்துக்குள், சுமார் 17 லட்சம் பேர் கொலையிலும் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். நாட்டின் ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சிஹானுக்கின் குடும்பத்திலேயே ஐந்து பிள்ளைகளும் 14 பேரக்குழந்தைகளும் போனார்கள். புப்பா தேவிக்கு அவர்கள் உடன்பிறந்தவர்கள், அவர்களின் குழந்தைகள். அரண்மனை நடனக் கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிழைத்தவர்களில் ஒருவரான எம் தியே அம்மாளைப் பற்றி 1993இல் வந்த ஆவணப் படத்துக்கு 'பத்தாவது நர்த்தகி' என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு கணக்காளரின் கேள்வி. 1980இல் கம்போடியா தன் பணத்தைத் திரும்ப அச்சடித்து வெளியிட்டுவிட்டது. நடனத்தை எப்படித் திரும்ப வெளியிடுவது?

புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், கிடையாது. கல்லில் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. அங்கோர் பக்கத்தில் தா ப்ரோம் என்று ஒரு கோவில், மரத்தின் வேர் சுவரைக் கவ்விப் பிடித்திருக்குமே, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அந்தக் கோவிலில் 615 நர்த்தகிகள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. மிக ஒழுங்கான பதிவேடு. ஆனால் அந்த 615 பேரில் ஒருத்தி கையை எப்படித் தூக்கினாள் என்று அதில் இல்லை. சிற்பத்தில் கை தெரியும், ஆனால் அது நின்றுபோன கை. அதற்கு முந்தின அசைவும் பிந்தின அசைவும் தெரியாது.

சரி, சினிமாவில் இருக்கிறதா? அசைவு தெரியும். 23 வயது புப்பா தேவி எப்படி ஆடினார் என்று நாமும் இன்றைக்குப் பார்க்கலாம். ஆனால் காமிரா முகத்துக்குப் போகும்போது கால் தெரியாது. உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, மூச்சு எங்கே விட வேண்டும், தப்பாக ஆடினால் எங்கே திருத்த வேண்டும் என்பதெல்லாம் பிலிமில் வராது. அதோடு, படத்தில் இருப்பது ஒன்றிரண்டு நடனம். மரபில் இருந்தவை பல பத்து. எல்லாம் டீச்சரின் உடம்பிலிருந்து மாணவியின் உடம்புக்குப் போனவை. அந்த உடம்புகள்தான் வயல்காடுகளில் புதைந்து கிடந்தன.

எங்கள் காலத்தில் கிளையின் லெட்ஜர் நெருப்பிலோ வெள்ளத்திலோ போய்விட்டால், வாடிக்கையாளர்களின் பாஸ்புக்கை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, லெட்ஜரைத் திரும்ப எழுதுவோம். கம்போடியாவில் நடந்தது அதுதான். 1979க்குப் பிறகு பிழைத்த கலைஞர்கள் ஒவ்வொருவராக, பல பேர் நடந்தே, புனோம் பென்னுக்கு வந்து சேர்ந்தார்கள். படிக்காத விவசாயி, சந்தையில் சில்லறை வியாபாரம் செய்தவள் என்று பொய் சொல்லி உயிர் பிழைத்தவர்கள். உனக்கு எந்த நடனம் ஞாபகம் இருக்கிறது, எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறது என்று ஒட்டுப் போட ஆரம்பித்தார்கள். அரக்கர் வேடம் ஆடியவருக்கு அரக்கர் அசைவு தெரியும். எதிரில் நின்ற பெண் வேடம் என்ன ஆடினாள் என்பது அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இந்த வேலைக்குத் தலைமை தாங்கிய மூத்த ஆசிரியை சியா சாமி அம்மாள். 1919இல் பிறந்தவர். சிறுமியாக அரண்மனைக்குள் போனவர். அவர் கணவர் அரண்மனையில் வேலை பார்த்தவர். அந்தக் கணவரின் தம்பி, சலோத் சார் என்ற பையன், கிராமத்திலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்து இவர்கள் வீட்டில் வளர்ந்தான். அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்த அந்தப் பையன்தான் பின்னாளில் போல் பாட். கெமர் ரூஜ் காலத்தில் சியா சாமி அம்மாளும் மற்றவர்கள் மாதிரி வயலில் வேலை செய்தார். தலைவர் போல் பாட் என்பவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. பொதுச் சமையல் கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்துத்தான் நம் தம்பியல்லவா என்று தெரிந்துகொண்டார்கள் என்று குடும்பத்தார் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தன் அழித்ததை அண்ணி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டார். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

1980களின் தொடக்கத்தில் நுண்கலைப் பள்ளி திரும்பத் திறந்தது. மாணவிகளில் பலர் பெற்றோரை இழந்த குழந்தைகள். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்களிலும், கூடாரத்துக்குள், இதே விரல் பயிற்சி நடந்தது. சோற்றுக்கு வரிசையில் நிற்கும் ஜனங்கள் நடனத்துக்கும் வரிசையில் நின்றார்கள்.

1991இல் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் ஆனது. சிஹானுக் நாடு திரும்பினார். புப்பா தேவியும் திரும்பினார். அப்போது அவருக்கு 48 வயது. இந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. இளவரசி, பழைய கதாநாயகி, உலகம் அறிந்த முகம். வந்து மாலை மரியாதைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். பாட்டி சொல்லிக்கொடுத்தது முழுமையாக இருந்த உடம்பு அவருடையது. பத்து வருஷம் ஒட்டுப் போட்டுத் தைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தன. விரல் இன்னும் கொஞ்சம், தோள் இன்னும் கொஞ்சம் என்று மாணவிகளின் கையைப் பிடித்துத் திருத்துவதே அவருக்கு முழுநேர வேலை ஆயிற்று.

சோதனை அதோடு முடியவில்லை. 1994இல் புனோம் பென்னின் தேசிய அரங்கம், பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது தீப்பிடித்து எரிந்துபோனது. போரில் தப்பிய கட்டடம் சமாதான காலத்தில் போயிற்று. திரும்பக் கட்டப் பணம் இல்லை. கூரை இல்லாத அந்த இடிபாட்டுக்குள்ளேயே கலைஞர்கள் வருஷக்கணக்காகப் பயிற்சி செய்தார்கள்.

1998 முதல் 2004 வரை புப்பா தேவி கலாசாரம், நுண்கலை அமைச்சராக இருந்தார். 2003இல் கம்போடிய அரண்மனை நடனத்தை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. அமைச்சர் பதவி போன பிறகும் வகுப்பை விடவில்லை. புதிதாகவும் அமைத்தார். கம்பு என்ற முனிவரும் மேரா என்ற அப்சரஸும் சேர்ந்து கெமர் குலத்தைத் தோற்றுவித்தார்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. அதை மேடை நடனமாக்கி வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனார். 2013இல் நியூயார்க் வரை போனது. 2019 நவம்பர் 18 அன்று, 76 வயதில், பாங்காக்கில் காலமானார்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. அவர்களுடைய புனிதமான நடனங்களில் ஒன்றில் கடல் தெய்வம் ஒருத்தி வருகிறாள். கையில் பளிங்குப் பந்து. அவளைத் துரத்திக்கொண்டு ஒரு அரக்கன் கோடாரியோடு வருவான். அவள் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் மின்னல். அவன் கோடாரியை வீசினால் இடி. மழை வேண்டி ஆடும் நடனம் அது. அந்தத் தெய்வத்தின் பெயர் மொனி மெக்கலா. ஆமாம், நம் மணிமேகலைதான். சாத்தனார் காப்பியத்தில் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விட்ட மணிமேகலா தெய்வம். நாம் பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துபோனவள், அங்கே இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு குழுச் சுற்றுலாவில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். சியம் ரீப் ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் இரவுச் சாப்பாட்டோடு அப்சரா நடனம். முன்னூறு பேர் தட்டை வைத்துக்கொண்டு நூடுல்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். மேடையில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் விரலை வளைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் பார்க்கவில்லை. எங்கள் வழிகாட்டி மட்டும் சாப்பிடாமல் மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன். அம்மாவின் அக்கா ஒருவர் ஆடியவர், 1975க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கணக்கை முடிக்கிறேன். இந்தக் கலை பிழைத்ததற்கான வரவை யார் பெயரில் எழுதுவது? விக்கிப்பீடியாவிலும் இரங்கல் செய்திகளிலும் பெரிய பங்கு இளவரசியின் பெயரில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் வரவு சியா சாமி, எம் தியே போன்ற ஆசிரியைகளின் பெயரில் எழுத வேண்டும். யாரும் பார்க்காத 1979, 1980இல், வயிற்றுக்கே இல்லாதபோது, ஞாபகத்தைத் தோண்டி எடுத்தவர்கள் அவர்கள். அடுத்தது, கேட்ட கணத்தில் வந்து சேர்ந்த அந்தத் தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள் பெயரில். மூன்றாவதாகப் புப்பா தேவி பெயரில். அந்த மூன்றாவது வரவும் சிறிய தொகை இல்லை. அரச குலத்தில் பிறந்ததும் கதாநாயகி ஆனதும் அவருக்குத் தானாக வந்தவை. 48 வயதுக்கு மேல் தினமும் வகுப்புக்குப் போனது அவர் தானாகச் சம்பாதித்தது. அந்த வரிசையில் ஒருத்தராகச் சேர்ந்துகொள்ள அவருக்கு மனம் இருந்தது.

உரையை முடிக்கும் முன் நம் சங்கத்து விஷயம் ஒன்று. தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் சமுதாயக் கூடத்தை சனிக்கிழமை நாட்டிய வகுப்புக்கு இலவசமாகக் கொடுப்பதா, மற்ற நிகழ்ச்சிகளைப் போல வாடகை வாங்குவதா என்று தீர்மானம் வருகிறது. மணிக்கு 500 ரூபாய், இரண்டு மணி நேரம், மாதம் நான்கு வாரம் என்றால் 4,000 ரூபாய். நம்முடைய 160 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 25 ரூபாய். ஓட்டலில் ஒரு காபி கூட வராது. வகுப்பில் 14 குழந்தைகள். டீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியோடு மூன்று மாடி இறங்கி வருகிறார். அவர் தன் குருவிடம் பத்து வருஷம் இருந்து கற்றதை மாதம் 300 ரூபாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். வாடகை வைத்தால் அந்தத் தொகை குழந்தைகள் தலையில்தான் விழும். ஐந்தாறு பேர் நின்றுவிடுவார்கள்.

நம் ஊரில் யாரும் வெடி வைக்கப் போவதில்லை. இங்கே நாட்டியம் நிற்பதெல்லாம் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, டியூஷன் நேரம் இடிக்கிறது, கூடம் கிடைக்கவில்லை என்ற சில்லறைக் காரணங்களால்தான். பேரன் பேத்தி இருப்பவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருமுறை கூடத்துக்கு வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் ஒரு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவதைப் பார்த்துவிட்டு, பிறகு பொதுக்குழுவுக்கு வந்து உங்கள் விருப்பம் போலக் கை தூக்குங்கள். நான் எந்தப் பக்கம் தூக்குவேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

 சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.